புனிதப் பயணத்தில் பாதைப் பேணுதல்

 

2025 நவம்பர் மாதத்தில் மக்காவிலிருந்து மதீனா சென்ற ஒரு பேருந்து, மதீனாவை நெருங்கிய வேளையில் டீசல் லாரியுடன் மோதித் தீப்பற்றியது. ஹைதராபாத் பகுதியிலிருந்து உம்ரா சென்றிருந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மவுத்தானார்கள். 2019 அக்டோபரில் மதீனாவுக்கு அருகே நடந்த இன்னொரு விபத்தில் 35 பேர் இறந்ததும், 2023 மார்ச்சில் அஸீர் மலைச் சாலையில் உம்ராப் பேருந்து கவிழ்ந்து எரிந்ததும் நமக்கு மறந்து போகவில்லை.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் நம் மக்கள் சொல்வது ஒன்றுண்டு: “கொடுத்து வைத்தவர்கள், புனித மண்ணில் போய்ச் சேர்ந்தார்கள்.” இது பொய்யான ஆறுதலன்று. நாயகம் (ஸல்) அவர்களுடைய ஹஜ்ஜின்போது அரஃபாத்தில் ஒரு ஸஹாபி ஒட்டகத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்தார். அவருடைய இஹ்ராம் துணிகளிலேயே அவரைக் கஃபனிடும்படியும், கியாமத் நாளில் அவர் தல்பியா சொன்னவராக எழுப்பப்படுவார் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். இறந்தவருடைய மனைவி மக்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் ஏது?

ஆனால் அதே ஹஜ்ஜில், அதே அரஃபாத்திலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் எப்படிப் புறப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? சூரியன் மறைந்ததும் முஸ்தலிஃபாவை நோக்கிப் பெருங்கூட்டம் நகர்ந்தது. கஸ்வா என்னும் தம் ஒட்டகத்தின் கயிற்றை அண்ணலார் எவ்வளவு இறுக்கிப் பிடித்தார்களென்றால், அதன் தலை சேணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலக் கையால் மக்களுக்குச் சைகை காட்டி, நிதானம், நிதானம் என்று அறிவுறுத்திக்கொண்டே போனார்கள். விழுந்து இறந்தவருக்கு நன்மாராயம் சொன்ன அதே நபிதான், இன்னொருவர் விழாதிருக்கக் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். ஆகவே முதல் ஹதீஸ் இழந்தவர்களுக்கு ஆறுதல். வண்டி ஓட்டுகிறவருக்கும் அதில் ஏறுகிறவருக்கும் அது அனுமதிச் சீட்டு அன்று.

மக்காவிலிருந்து மதீனா வரை ஏறத்தாழ 450 கிலோ மீட்டர். அந்த நெடுஞ்சாலைக்கு ஹிஜ்ரத் பாதை என்றே பெயர். அந்த ஹிஜ்ரத்தை நாயகம் (ஸல்) அவர்கள் எப்படித் திட்டமிட்டார்கள்? அப்துல்லாஹ் பின் உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். ஆனால் பாதை அறிந்தவர், நம்பிக்கையானவர். இன்றோ நம்மவர் ஜித்தா விமான நிலையத்து வாசலில் “மக்கா, மக்கா” என்று கூவுகிறவரின் காரில், பத்து ரியால் குறைவு என்று ஏறிவிடுகிறார்கள். உரிமம் பெற்ற டாக்ஸியா, ஓட்டுநர் யார் என்று கேட்பதில்லை. வசதியுள்ளவர்களுக்கு 2018 முதல் ஹரமைன் ரயில் ஓடுகிறது. பேருந்தில் ஐந்தாறு மணி நேரம் ஆகும் தூரத்தை இரண்டரை மணிக்குள் கடந்துவிடுகிறது. முதியோரை அழைத்துச் செல்பவர்கள் கடைத்தெருச் செலவைக் குறைத்தாவது அதில் செல்லலாமென்பது நம் கருத்து.

பேருந்தில்தான் போகவேண்டுமென்றால், எல்லாவற்றினும் முக்கியம் ஓட்டுநரின் தூக்கம். பகலெல்லாம் ஜியாரத் சுற்றிக் காட்டியவரையே இரவு நெடுஞ்சாலையிலும் ஓட்டச் சொல்வது நடக்கிறது. நாம் ஒருமுறை மதீனாவிலிருந்து துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டி, இஷாவுக்குப் பின் மக்கா புறப்பட்டோம். முதலில் தல்பியா முழங்கிற்று; பிறகு பேருந்தே உறங்கிற்று. முன் இருக்கையில் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி மட்டும், வண்டி இரண்டு முறை ஓரம் சாய்வதைக் கண்டு, “தம்பி, தூங்குறியாப்பா?” என்று தமிழிலேயே சத்தமிட்டார். ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் விழித்துக்கொண்டார். பெட்ரோல் பங்கில் நிறுத்தி முகம் கழுவி, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தார். எங்களில் சிலருக்கு அந்தத் தாமதம் பிடிக்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறோம், முணுமுணுத்தவர்களில் நாமும் ஒருவர்.

நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்களின் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஓர் இரவுப் பிரயாணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் வாகனத்தின்மீது கண்ணயர்ந்து சாய்ந்தார்கள். உறக்கம் கலையாதபடி அபூ கதாதா முட்டுக் கொடுத்தார். மறுபடியும் சாய்ந்தார்கள், மறுபடியும் தாங்கினார். மூன்றாம் முறை விழுந்துவிடும் அளவுக்குச் சாய்ந்தபோது தாங்கவே, விழித்த நாயகம் (ஸல்) அவர்கள் யாரென்று கேட்டு, அவருக்காக துஆச் செய்தார்கள். அதற்குப் பின் பாதையை விட்டு ஒதுங்கிப் படுத்தார்கள். பாதையை விட்டு ஒதுங்கி என்பதைக் கவனியுங்கள். இரவில் தங்கும்போது வழியின்மீது தங்கலாகாது, அது பிராணிகள் நடமாடும் இடம் என்பதும் அவர்களுடைய போதனையே. அரபு நாட்டுச் சாலையில் இருளில் ஒட்டகம் குறுக்கிடுவது இன்றும் உண்டு.

எனவே பயணக் குழுவுக்கு அமீர் ஒருவரை நியமிப்பது போல, இரவில் ஓட்டுநருக்கு அருகே விழித்திருக்க இருவரை முறைவைத்து அமர்த்துங்கள். கண் செருகினால் நிறுத்தச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

சிலர் இஹ்ராமில் இருக்கைப் பட்டி கட்டலாமா என்று தயங்குகிறார்கள். இடுப்பில் பணப்பை கட்டிக்கொள்வதை உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். உடையே அல்லாத ஒரு பட்டியில் தடை எங்கிருந்து வந்தது? தாராளமாகக் கட்டுங்கள். “எல்லாம் கத்ர்” என்பவருக்கு, கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்கள் சொன்ன கருத்தைச் சொல்லுங்கள்: அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம்.

நடந்து செல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சவூதியில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. நாமோ பிறந்தது முதல் வலப்பக்கம் பார்த்துவிட்டுக் கால் வைத்துப் பழகியவர்கள். அங்கே முதலில் இடப்பக்கம் பார்க்கவேண்டும். இந்தப் பழக்கத்தை இங்கிருந்தே பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். பாங்கு கேட்டதும் விடுதியிலிருந்து சாலைக்குக் குறுக்கே ஓடுவதுதான் பெரிய ஆபத்து. இகாமத் கேட்டாலும் ஓடாமல் அமைதியாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுது தவறியதை நிறைவு செய்யுங்கள் என்பதல்லவா நபிவழி? ஒரு ரக்அத்துக்காக ஓடி நபிவழியையும் விட்டு, காலையும் முறித்துக்கொள்வது என்ன நன்மை! விபத்தானால் ஆம்புலன்ஸ் அழைக்க 997 என்னும் எண்ணையும், தங்கும் விடுதியின் பெயரட்டையையும் இடுப்புப் பையில் வைத்திருங்கள்.

இன்னொன்று. ஹாஜியை வரவேற்க ஊரிலிருந்து இரவெல்லாம் வேன் ஓட்டிக்கொண்டு சென்னை விமான நிலையம் வரும் பிள்ளைகள், அப்படியே திரும்பிப் புறப்படுகிறார்கள். அவர்களைத் தூங்க விடுங்கள். ஃபஜ்ர் தொழுது, தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் போதும். ஜம்ஜமும் பேரீச்சம்பழமும் அதற்குள் கெட்டுவிடாது.