‘சும்மா’ கிடைத்தது களவாகுமா?



சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த மகனுக்கு ஒரு கணினி வாங்கித் தருவதாக வாக்களித்துவிட்டீர்கள். சீட்டுக் காசோடு கொஞ்சம் கடனும் சேர்த்துக்கொண்டு, மகனையும் அழைத்துக்கொண்டு கல்முனைக்குப் போகிறீர்கள். பிரதான வீதியிலே கடை வைத்திருக்கும் முதலாளி நல்ல மனிதர். இரண்டு மடிக்கணினிகளை எடுத்து வைக்கிறார். தோற்றம் ஒன்று, வேகம் ஒன்று. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். காரணம் கேட்டால், “இதில விண்டோஸ் கொம்பனியே போட்டு வருது சேர். மற்றதில ஒண்டுமில்ல. நீங்க அத எடுங்க, நான் சும்மா போட்டுத் தாறன்” என்கிறார்.

அந்தச் ‘சும்மா’ என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கணினியை இயக்குகின்ற அடிப்படை மென்பொருளை நம் பிள்ளைகளின் பாடநூல் பணிசெயல் முறைமை என்கிறது. விண்டோஸ் அவற்றுள் ஒன்று. காணியை வாங்கினால் காணி நமக்குச் சொந்தம். மென்பொருளை வாங்கும்போது அது சொந்தமாவதில்லை. பயன்படுத்தும் அனுமதி மட்டுமே கிடைக்கிறது. வயலைக் குத்தகைக்கு எடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குத்தகையிலும் வகை உண்டு. கணினியை உற்பத்தி செய்தவரே பதித்து விற்கும் அனுமதி அந்தக் கணினியோடு பிறந்து, அதனோடே மடிவது. தனியே வாங்கும் சில்லறை அனுமதியோ வாங்கியவரோடு செல்வது. பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் இடலாம். அதனால் விலையும் அதிகம். விண்டோஸ் 11இன் வீட்டுப் பதிப்பு அமெரிக்காவில் 139 டொலர். நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாவுக்கு மேல். மூன்றாவது, பல்கலைக்கழகங்களும் பெரிய நிறுவனங்களும் தங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்காக மொத்தமாகப் பெறுவது. அது வீடுகளுக்கு உரியதன்று.

‘சும்மா’ போடப்படுவது பல வேளைகளில் இந்த மூன்றாவது வகையின் வேஷமே. ஏதோவொரு நிறுவனத்தைச் சேர்ந்ததாகக் கணினியையே நம்பவைக்கும் தந்திரம் அது. உங்கள் வீட்டுக் கணினியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘உங்கள் நிறுவனத்தின் செயற்படுத்தும் சேவை மூலம்’ விண்டோஸ் இயங்குகிறது என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதா? குசினிக்குப் பக்கத்து அறையில் இருக்கும் அந்தக் கணினி எந்த நிறுவனத்தைச் சேர்ந்தது?

இன்னும் நாகரிகமான வழி ஒன்று உண்டு. உண்மை விலையில் ஒரு சிறு பங்கைக் கொடுத்தால் இணையத்திலே ஓர் இலக்கம் கிடைக்கும், ரசீதும் வரும். காசு கொடுத்தோமே என்று மனம் ஆறிவிடுகிறது. அது எங்கோ ஒரு நிறுவனத்தின் மொத்த அனுமதியிலிருந்து கழன்று வந்த இலக்கமாக இருக்கக்கூடும் என்று நினைப்பதில்லை. பொருளின் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், விற்பவனிடம் அது எப்படி வந்தது என்று கேட்பது வாங்குபவரின் கடமையன்றோ? இதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். கள்ளப் பிரதி போடுபவருக்குத் தான் செய்வது என்னவென்றாவது தெரியும். ரசீது வைத்திருப்பவருடைய மனச்சாட்சி உறங்கிவிடுகிறது.

“பிரதி எடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? அவர்கள் கோடீஸ்வரர்கள்” என்பீர்கள். பிரதி எடுப்பதால் மூலப்பொருள் குறைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் மருதமுனை நெசவாளி ஒருவர் மாதக்கணக்கில் யோசித்து உருவாக்கிய சாறி வேலைப்பாட்டை இன்னொருவர் பார்த்து நெய்து விற்றால், அவரது தறியிலிருந்து ஒரு நூலும் குறைவதில்லை. நட்டம் இல்லை என்று அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? உழைத்தவர் செல்வந்தர் என்பதனால் அவருக்குரிய நீதி அற்றுப்போவதுமில்லை. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. கடை முதலாளியின் மார்க்கமும் இதில் மௌனமாயில்லை. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமியச் சட்டவியல் பேரவை, நூலாசிரியருக்கும் புதிது கண்டுபிடித்தவருக்கும் உரிய உரிமைகளை மீறலாகாது என்று தீர்மானித்தது. ஆகையால் அவர்மீது பழியைப் போட்டு நாம் தப்பவேண்டாம். வாடிக்கையாளர் கேட்பதைத்தான் அவர் தருகிறார்.

நிற்க. ஏழைக்கு என்ன வழி? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. அந்த 139 டொலர் அமெரிக்கத் தாதி ஒருவருக்கு ஒரு நாள் உழைப்பிலும் குறைவு. நம் ஆசிரியைக்கு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு. கடும் வறுமையில் உயிர்காக்க எடுப்பது களவாகாது என்று புனித அக்குவினா தோமையார் கற்பித்தார். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1991இல் எழுதிய சுற்றுமடலில், அறிவும் தொழில்நுட்பமும் நிலத்தைப் போலவே சொத்தாகிவிட்டதையும், ஏழை மக்கள் அதற்கு வெளியே நிறுத்தப்படுவதையும் சுட்டிக்காட்டினார். விலை அநியாயமாகத் தோன்றினால் அதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. எனினும் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2408ஆம் எண்ணில் அந்த விதிவிலக்கை உணவு, உறைவிடம், உடை போன்ற உடனடித் தேவைகளோடு சேர்த்தே பேசுகிறது. கணினி இல்லாவிட்டால் படிப்புக் கெடும் என்று நீங்கள் வாதாடலாம். வேறு வழியே இல்லாதிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து வாதாடியிருப்பேன்.

வேறு வழி இருக்கிறது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அதன் அனுமதியிலேயே ‘எடுங்கள், பிரதி செய்யுங்கள், திருத்துங்கள், பிறருக்கும் கொடுங்கள்’ என்ற பொருளைக் கொண்டது. அதன் ஒரு வடிவமான உபுண்டு 2004இல் வெளிவந்தது. மானிட நேயத்தைக் குறிக்கும் ஓர் ஆபிரிக்கச் சொல்லே அதன் பெயர். கடைக்காரர் சொல்லும் ‘சும்மா’வுக்கும் இந்தச் ‘சும்மா’வுக்கும் உள்ள வேற்றுமையைப் பாருங்கள். இங்கே கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார்.

இந்தத் தாராளத்தின் பயனை நம் நாடு துயர வேளையில் கண்டிருக்கிறது. 2004 டிசெம்பர் 26, திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. கடல் பொங்கி அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவுசெய்ய, இலங்கைக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடிச் சில நாள்களிலேயே ‘சஹன’ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். சுதந்திர மென்பொருள்களின் மேலேயே அதைக் கட்டி, எவரும் எடுத்துப் பயன்படுத்தும் அனுமதியோடு வெளியிட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. ஒவ்வொரு பிரதிக்கும் விலை கேட்டிருந்தால் அந்த அவசரத்தில் என்னவாகியிருக்கும்?

லினக்ஸில் எல்லாம் நடக்காது என்பதையும் சொல்லவேண்டும். சில கணக்கு மென்பொருள்கள் அதில் ஓடா. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். மகனின் வகுப்புக்கு விண்டோஸ்தான் வேண்டுமென்றால், உற்பத்தியாளர் பதித்துத் தரும் கணினியை வாங்குங்கள். அடுத்த சீட்டு வரை பொறுக்கவேண்டி வந்தாலும் சரி. அவன் உங்கள் பக்கத்தில் நின்று முதலாளி சொல்வதையும் நீங்கள் சொல்லப்போவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஏழாம் கற்பனையை மறைக்கல்வி வகுப்பிலே அவன் ஏற்கனவே படித்துவிட்டான். வீட்டில் பழைய கணினி இருந்தால் லினக்ஸை முயலுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அவற்றுள் பல கணினிகள் 11ஐ ஏற்கமாட்டா. ஒரு பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது அழியாது.

சக்கேயு களவைத் திருப்பிக் கொடுத்தார். கள்ளப் பிரதியைத் திருப்பிக் கொடுப்பது எப்படி? அழித்துவிடுவதே வழி என்று எனக்குப் பட்டது. இதை எழுதத் தொடங்குமுன் என் கணினியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நானும் ஏதோ ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். இக்கட்டுரையை உபுண்டுவில் தட்டியிருக்கிறேன். பாமினிக்குப் பழகிய விரல்கள் புதிய விசைகளில் இன்னும் தடுமாறுகின்றன. பிழைகள் இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்வாராக.