இரண்டாவது பாராசூட்டும் தவக்குலும்

அல்லாஹ்வை முழுமையாக நம்பிய ஒருவர் ஆபத்துக்கு முன்னேற்பாடு செய்யலாமா? செய்தால் அவருடைய தவக்குலில் குறை வந்துவிட்டது என்று பொருளா? இந்தக் கேள்வி நம் வீடுகளில் பல உருவங்களில் எழுகிறது. கொடுத்த கடனுக்குச் சீட்டு எழுதி வாங்கச் சொன்னால், "அல்லாஹ் இருக்கிறான், எழுத்து எதற்கு?" என்கிறார் ஒருவர். கிணற்றில் இறங்கும்போது இடுப்பில் கயிறு கட்டச் சொன்னால், "விதி முடிந்தால் கயிறா காக்கும்?" என்கிறார் மற்றொருவர். கேட்பதற்கு ஈமான் நிறைந்த பேச்சாகத் தோன்றும். உண்மை அதுதானா என்று ஆராய்வோம்.

ஆகாய விமானத்திலிருந்து குதிப்பவர்களைப் பாருங்கள். நம் நாட்டில் இராணுவத்தினருக்கு இதைக் கற்பிக்கும் பயிற்சிப் பள்ளி ஆக்ராவில் உள்ளது. கிரிக்கெட் வீரர் தோனி 2015 ஆகஸ்டில் அங்கே பயிற்சி பெற்றுக் குதித்ததை நம் பிள்ளைகள் அறிவார்கள். குதிப்பவரின் முதுகில் பெரிய பாராசூட் இருக்கும். அது கைவிட்டால் உதவுவதற்கு மார்பில் இன்னொன்று இருக்கும். விளையாட்டுக்காகக் குதிப்போரும் இரண்டாவதைச் சுமந்தே குதிக்கின்றனர். முதலாவது சிக்கலாக விரிந்தால் அதைக் கழற்றி விட்டுவிட்டு இரண்டாவதை விரிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளக்கூடும். இதற்கெல்லாம் கிடைப்பது சில வினாடிகளே.

அந்தச் சில வினாடிகளிலும் செயல்பட முடியாமல் போனால்? அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த ஜோசப் கிட்டிங்கர் 1959 நவம்பர் 16 அன்று பலூனில் ஏறி, சுமார் 76,400 அடி உயரத்திலிருந்து குதித்தார். விழும் உடலை நிலைப்படுத்துவதற்கான சிறு பாராசூட் முன்கூட்டியே வெளிவந்து, அதன் கயிறு அவர் கழுத்தில் சுற்றிக்கொண்டது. நிமிடத்திற்கு 120 சுற்று வேகத்தில் பம்பரம்போல் சுழன்று நினைவிழந்தார். தாமே இயங்கும்படி முன்பே அமைத்திருந்த கருவிதான் அவசரப் பாராசூட்டை விரித்தது. அவர் உயிருடன் தரை சேர்ந்தார்.

நினைவற்றுக் கிடந்தவர் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொண்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் அவருடைய முன்னேற்பாடு வீண் என்றும் சொல்ல இயலாது. கைக்கு எட்டியவரை செய்வது அடியான் கடமை. கைக்கு எட்டாததை முடித்துத் தருவது ரப்புடைய வல்லமை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். உஹதுப் போரில் அவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள் என்றும் ஹதீஸில் வந்துள்ளது. அவர்களைவிடத் தவக்குலில் உயர்ந்தவர் யார்? இரண்டாவது கவசம் அவர்களுடைய நம்பிக்கையைக் குறைத்துவிட்டதா?

"எல்லா ஏற்பாடும் செய்துவிட்டேன், இனி எனக்கு என்ன வரும்?" என்று இறுமாப்பவரும் சிந்திக்க வேண்டும். ரஷ்ய விண்வெளி வீரர் கொமரோவ் சோயுஸ் 1 விண்கலத்தில் 1967 ஏப்ரல் 24 அன்று பூமிக்குத் திரும்பியபோது பெரிய பாராசூட் விரியவில்லை. இரண்டாவதும் சிக்கிக்கொண்டது. அவர் மாண்டார். பாராசூட் ஒரு காரணமே. காரணத்தைப் பயன்பெறச் செய்பவன் அல்லாஹ். காரணத்தை வீசி எறிவது அறியாமை. காரணத்தையே நம்பிக் கிடப்பது ஏமாற்றம்.

மழையை நம்பி வாழும் எங்கள் குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி வானத்தைப் பார்க்கிறார். ஆனால் நிலத்தை உழுது வைத்துவிட்டே பார்க்கிறார்.

வாசகர்களே, ஒன்றை மறக்க வேண்டாம். பாராசூட் இல்லாமல் குதிப்பவர் தாம் மட்டுமே விழுவார். கடனை எழுதி வைக்காமல் மவுத்தாகிறவரோ தம் மனைவி மக்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போகிறார். கொடுத்தது இவ்வளவு, வாங்கியது இவ்வளவு என்று அறியாமல் அவர்கள் பிறர் வாசலில் நிற்கிறார்கள். திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதை எண்ணிப் பாருங்கள். எழுதச் சொன்னவன் அல்லாஹ். அவன் பெயரைச் சொல்லியே எழுத மறுப்பது எப்படித் தவக்குல் ஆகும்? அது நம் சோம்பலுக்கு நாம் போர்த்திய போர்வை.

இன்றிரவே ஒரு நோட்டை எடுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதுங்கள். சாட்சி வையுங்கள். அதன்பின் கையேந்தி அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள். செயலையும் நம்பிக்கையையும் ஒருசேரக் கைக்கொள்ள வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.