கணிப்பும் கையொப்பமும்

ஒரு கம்பெனியின் ஐந்தொகையையும் இலாப நட்டக் கணக்கையும் வருஷந்தோறும் பரிசோதித்து, அவை அதன் உண்மையான நிலையை நியாயமாகக் காட்டுகின்றனவா என்று சொல்லிக் கையொப்பமிடும் கடமை ஆடிட்டருக்கு உண்டு. அவர் கூறும் அபிப்பிராயம் நான்கு வகையில் அமையலாம்: குறையொன்றும் இல்லை என்பது, இன்ன விஷயம் நீங்கலாக மற்றவை சரி என்பது, கணக்கு மொத்தத்தில் உண்மையைக் காட்டவில்லை என்பது, போதிய ஆதாரம் கிடைக்காமையால் அபிப்பிராயம் கூறவே இயலாது என்பது. பெரும்பாலான கம்பெனிகள் முதல் வகையையே பெறுகின்றன. ஆகவே மற்ற மூன்றில் ஒன்று வந்துவிட்டால் கடன் கொடுத்த வங்கி விழித்துக்கொள்கிறது; பங்கின் விலை தடுமாறுகிறது; டைரக்டர்கள் தங்கள் அறிக்கையில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டுமென்று சட்டமே கட்டாயப்படுத்துகிறது. இத்தனை விளைவுகளைத் தன்னுள் அடக்கிய ஒரு வாக்கியத்தை, எழுத வேண்டியவர் எழுதுவதற்கு முன்பே, கணக்கிலுள்ள எண்களையும் கணக்குக்குப் புறம்பான சில செய்திகளையும் கொண்டு யந்திரத்தினால் ஊகித்துவிட முடியுமானால், அப்படி ஊகிப்பதும் அந்த ஊகத்தை நம்பிக் காரியம் செய்வதும் தர்மமாகுமா என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி.

ஊகிக்க முடியும் என்பதில் சந்தேகமில்லை. 1968ஆம் வருஷத்தில் எட்வர்ட் ஆல்ட்மன் என்னும் அமெரிக்க அறிஞர், உற்பத்தித் தொழிலில் ஈடுபட்ட 66 கம்பெனிகளை எடுத்துக்கொண்டு, ஐந்தே விகிதங்களுக்கு வெவ்வேறு எடை கொடுத்துக் கூட்டி, எவை திவாலாகும் என்று முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் ஒன்றை வகுத்தார். அந்த வழியைப் பிறகு தணிக்கை அறிக்கைக்கும் பொருத்திப் பார்த்தார்கள். கிரேக்க நாட்டுக் கம்பெனிகளை ஆராய்ந்து 2003இல் ஸ்பாதிஸ் வெளியிட்ட ஆய்வில், நிதி நெருக்கடியைக் காட்டும் எண்களோடு கம்பெனி வழக்கில் சிக்கியிருக்கிறதா என்னும் செய்தியையும் சேர்த்துக் கணித்தபோது, நூற்றுக்கு 78 வீதம் அறிக்கையின் தன்மையைச் சரியாகப் பிரித்தறிய முடிந்தது. சென்ற வருஷத்து அறிக்கை எப்படி இருந்தது, ஆடிட்டர் மாற்றப்பட்டாரா, டைரக்டர் எவரேனும் திடீரென்று ராஜிநாமா செய்தாரா, கணக்கு வெளிவரத் தாமதமானதா என்பன போன்ற செய்திகளும் இவ்வகைக் கணிப்புகளில் இடம்பெறத் தக்கவையே.

இக்கணிப்பை அடியோடு விலக்க வேண்டுமென்று வாதிப்பது நியாயமாகாது. ஓய்வூதியப் பணத்தில் நாலு பங்கு வாங்கி வைத்திருப்பவர், எங்கோ புகைகிறது என்பதைச் சற்று முன்னதாகத் தெரிந்துகொள்வதில் குற்றமில்லை. தணிக்கையை மேற்பார்வையிட இந்தியாவில் 2018 அக்டோபரில் அமைக்கப்பட்ட தேசிய நிதி அறிக்கை ஆணையம் போன்ற ஓர் அமைப்பு, தன் அதிகாரத்துக்கு உட்பட்ட தணிக்கைகள் அனைத்தையும் ஒருசேரக் கிளறிப் பார்க்க முடியாதாகையால், எதை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்க ஏதேனும் ஓர் அளவுகோல் அதற்கும் வேண்டியதே. பிழை நேர இடம் எங்கே அதிகம் என்று முதலில் ஆராய்ந்து, அதற்கேற்ப வேலையைத் திட்டமிட வேண்டும் என்பதே ஆடிட்டரின் தொழில்விதியும் ஆகும். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சுட்டும் மட்டில் கணிப்பு உபகாரமே செய்கிறது.

ஆனால் யந்திரம் எதைக் கற்றுக்கொண்டு கணிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கு உண்மையா பொய்யா என்பதை அது கற்பதில்லை. இத்தகைய கணக்கைக் கண்டபோது இதற்குமுன் ஆடிட்டர்கள் என்ன எழுதினார்கள் என்பதையே கற்கிறது. விடைத்தாளைப் பிரிக்காமல், மாணவனின் பழைய மதிப்பெண்களையும் அவன் படித்த பள்ளியின் பெயரையும் கொண்டு, பரீட்சகர் இத்தனைதான் போடுவார் என்று சொல்வதற்கு ஒப்பானது இது. சொன்னது பலிக்கலாம், பலித்ததனால் விடை திருத்தப்பட்டதாக ஆகிவிடாது.

2009 ஜனவரி 7ஆம் தேதி, சத்யம் கம்ப்யூட்டர் சர்வீஸஸ் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு தம் டைரக்டர்களுக்கு எழுதிய கடிதத்தில், ரொக்கமும் வங்கி இருப்புமாக ஐந்தொகையில் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். சிறந்த நிர்வாகத்துக்கென்று ஒரு விருதையும் அக்கம்பெனி முந்தைய வருஷந்தான் பெற்றிருந்தது. ஆடிட்டரின் அறிக்கைகள் குறை சொல்லாதவையாகவே வந்துகொண்டிருந்தன. அந்தக் கடிதத்துக்கு முன்பு ஒரு யந்திரம் சத்யத்தின் எண்களைப் பார்த்து, ஆடிட்டர் குறை சொல்ல மாட்டார் என்று கணித்திருந்தால், அக்கணிப்பு சரியென்றே கணக்கில் ஏறியிருக்கும். ஆடிட்டரும் அப்படித்தானே எழுதினார்! எண்களே ஜோடிக்கப்பட்டவையாக இருக்கும்போது அவற்றினின்று பிறந்த விகிதங்கள் ஆரோக்கியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அப்பொய்யை உடைத்திருக்கக் கூடியது மிகச் சாதாரணமான ஒரு காரியம்: இன்ன தேதியில் இக்கம்பெனியின் பேரில் உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு ஆடிட்டரிடமிருந்து வங்கிக்கு நேரே போய், வங்கியிடமிருந்து ஆடிட்டருக்கு நேரே திரும்ப வேண்டிய ஒரு கடிதம். அக்கடிதங்களை அனுப்புவதையும் பதிலைப் பெறுவதையும் கம்பெனி நிர்வாகத்தின் கையிலேயே ஆடிட்டர்கள் விட்டுவிட்டார்கள் என்று 2011இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் கண்டது. பிரத்தியட்சம் வேண்டிய இடத்தில் அனுமானத்தை வைத்ததன் பலன் அது.

அயோக்கியன் தப்புவது ஒரு பக்கம் என்றால், யோக்கியன் அகப்படுவது மற்றொரு பக்கம். ஆயிரம் கம்பெனிகளில் 50 கம்பெனிகளுக்கே குறை சொல்லும் அறிக்கை உரியது என்றும், இரு தரத்தாரையும் நூற்றுக்கு 90 வீதம் சரியாகப் பிரிக்கும் ஒரு யந்திரம் கிடைத்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அது குறையுள்ளவற்றில் 45ஐப் பிடிக்கும். குறையற்ற 950இல் 95ஐயும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, சந்தேகப் பட்டியலில் ஏறும் 140 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர் நிரபராதிகள். அப்பட்டியலைக் கண்டு வங்கி கடனை நிறுத்தினால், சரக்குக் கொடுப்பவர் முன்பணம் கேட்டால், நலிவில்லாத ஆலையும் நலிந்து, கணிப்பு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும். கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்று ஆடிட்டர் சந்தேகம் தெரிவிக்கும்போதும் இந்த அபாயம் உண்டு என்பது மெய்யே. எனினும் அவர் தாம் கண்ட காரணத்தை எழுத வேண்டும், பொதுக்கூட்டத்தில் பங்குதாரர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பிறர் செய்த தவறுகளின் சாயலைக் கொண்டு ஒருவரைச் சந்தேகித்துவிட்டு, காரணம் சொல்லும் கடமையையும் ஏற்காத கணிப்பினிடம் அந்த நியாயம் இல்லை.

இக்கருவி கம்பெனி நிர்வாகத்தின் கைக்குப் போகும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. தமக்கு இணக்கமான அபிப்பிராயம் எந்த ஆடிட்டரிடம் கிடைக்கும் என்று தேடி அலையும் வழக்கம் பழையது. பிரிட்டிஷ் கம்பெனிகளை ஆராய்ந்து கிளைவ் லெனக்ஸ் 2000இல் வெளியிட்ட கட்டுரை, ஆடிட்டரை மாற்றியிருந்தால் அல்லது மாற்றாதிருந்தால் என்ன அறிக்கை வந்திருக்கும் என்பதை இத்தகைய கணிப்பைக் கொண்டே மதிப்பிட்டு, அத்தேடல் பலன் தருகிறது என்று காட்டியது. சூழ்ச்சியை வெளிப்படுத்த உதவும் அதே கணக்கு, சூழ்ச்சி செய்பவருக்கும் வழிகாட்டும். எந்த விகிதத்தை எவ்வளவு திருத்தினால் சந்தேகக் கோட்டுக்கு இப்பால் நிற்கலாம் என்பதையும் அது சொல்லிக் கொடுத்துவிடும்.

மனிதனின் அபிப்பிராயம் மட்டும் அப்பழுக்கற்றதா என்று கேட்கலாம். ஆடிட்டருக்குக் கட்டணம் கொடுப்பது அவர் பரிசோதிக்கும் கம்பெனியே; நெடுநாள் பழக்கத்தினால் கண்டிப்பு தளரக் கூடும் என்பதனால்தானே, குறிப்பிட்ட வகைக் கம்பெனிகளில் தனி ஆடிட்டர் ஐந்து வருஷத்துக்கும், தணிக்கை நிறுவனம் பத்து வருஷத்துக்கும் மேல் தொடரலாகாது என்று 2013ஆம் வருஷத்து இந்தியக் கம்பெனிச் சட்டம் விதித்தது? யந்திரத்துக்குக் கட்டண ஆசையும் இல்லை, தாட்சண்யமும் இல்லை என்பது வாதம். ஆனால் தாட்சண்யத்துக்கு ஆட்பட்டவர்கள் இட்ட கையொப்பங்களைப் பாடமாகக் கொண்ட யந்திரம், அவர்களுடைய தாட்சண்யத்தையும் சேர்த்தே கற்றிருக்கும். எவருடைய பலவீனம் என்று சுட்ட முடியாதபடி அது எண்ணுக்குள் மறைந்துவிடும் என்பதே வித்தியாசம். தவறிய ஆடிட்டரை விசாரிக்கலாம், தண்டிக்கலாம், தொழிலினின்று விலக்கலாம். தவறிய சூத்திரத்தை என்ன செய்வது?

ஆகவே முடிவு இது. எங்கே அதிகம் தோண்ட வேண்டும் என்று அறிவதற்குக் கணிப்பைக் கொள்ளலாம். தோண்டாமல் விடுவதற்கு அதைச் சாக்காகக் கொள்ளலாகாது. கணிப்பு ஒன்றையே காரணமாக வைத்து ஒரு கம்பெனிக்குக் கடனை மறுப்பவர், அது என்ன கணிப்பு என்பதை அக்கம்பெனிக்குத் தெரிவித்து, மறுமொழி கூற அவகாசமும் தர வேண்டும். கணிப்புக்கும் தம் அபிப்பிராயத்துக்கும் பேதம் நேர்ந்தால் ஆடிட்டர் அதன் காரணத்தைத் தம் குறிப்புகளில் எழுதி வைக்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தாலோ, அந்த ஒற்றுமையை ஆதாரமாகக் காட்டலாகாது. குறையில்லை என்று யந்திரம் சொல்லிவிட்ட கம்பெனியிலும் வங்கிக்குப் போகும் கடிதத்தைத் தாமே அனுப்பி, பதிலைத் தம் விலாசத்துக்கே வரவழைத்துப் பார்த்தவருக்குத்தான் கையொப்பமிடும் உரிமை உண்டு.