இதுவன்று, அதுவே

ஜீயபுரத்தில் இளைஞர் ஒருவர், சிறுவயதில் தம் அண்ணனோடு கணினியில் ஆடிய போர்த்தந்திர விளையாட்டொன்றின் பெயரைப் பல நாள்களாகத் தேடினார். மதகுரு ஒருவர் நின்று ஓத, எதிரி வீரன் நிறம் மாறி நம்மவனாவான். நினைவில் எஞ்சியது அவ்வளவே. (மனமாற்றம் அத்துணை எளிதாயின் எங்கள் பணி இலகுவாயிருக்கும்!)

பிறர் சொன்ன பெயர்களையெல்லாம் "இதுவன்று" என மறுத்தார். பெயரறியாதவர் எவ்வாறு மறுத்தார்? காணாமற்போன திராக்மாவைத் தேடிய பெண்ணைக் குறித்து (லூக் 15:8), புனித அகுஸ்தீனார் தம் அறிக்கை நூலின் 10-ஆம் பகுதியில் இதையே வினவுகிறார்: நினைவில் இல்லையெனில், கண்டபோது அதுவென எவ்வாறு அறிந்திருப்பாள்? முற்றிலும் மறந்ததை நாம் தேடவும் மாட்டோம் என்கிறார்.

1997-இல் வெளிவந்த 'ஏஜ் ஆப் எம்பயர்ஸ்' என்றார் பாடகர் குழுவினர் ஒருவர். "அதுவே!" என மகிழ்ந்தார் இளைஞர்.

"அண்ணனிடமே முதலில் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

பாகப்பிரிவினைக்குப் பின் இருவரும் பேசுவதில்லையாம்.