டிரங்குப் பெட்டியும் கற்படுக்கையும்

1996 ஜூலையில் முதுகலை வரலாறு படிக்க மதுரைக்கு வந்தபோது என்னிடம் ஒரு பாய், ஒரு வாளி, ஒரு டிரங்குப் பெட்டி இருந்தன. பெட்டியின் அடியில், மடித்த தாவணிகளுக்குக் கீழே, அப்பாவின் காசுகள் 312. அப்பா போய் நாலு மாதம் ஆகியிருந்தது. கரூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அங்கே பழைய செம்பு என்றால் எடைக்குப் போடுகிற பொருள். ஆகவே காசுகளும் என்னோடு விடுதிக்கு வந்தன.

அப்பா தமிழாசிரியர். அமராவதியில் வெள்ளம் வடிந்த பிறகு ஆற்று மணலைச் சலித்துப் பிழைப்பவர்களிடம் ஐந்துக்கும் பத்துக்கும் வாங்கிச் சேர்த்தவை அவை. வில்லும் அம்பும் பொறித்த சேரர் செப்புக்காசு. சுண்டுவிரல் நகத்தளவே ஆன, தேய்ந்துபோய் ஒரு தலை மட்டும் மங்கலாகத் தெரியும் உரோமானியக் காசு. ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த மனிதனோடு நாகரி எழுத்தில் இராசராசன் பெயர் கொண்ட சோழக்காசு. பின்னிய மூன்றெழுத்துடன் டச்சுக் கம்பெனித் துட்டு. ஒவ்வொன்றையும் அப்பா நகைக்கடை இளஞ்சிவப்புத் தாளில் மடித்து, எங்கே எப்போது கிடைத்தது என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். தாள் கிழிந்து காசு உதிர்ந்துவிடுமோ என்று பயந்து, டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் பளபளவென்று இருந்த பிளாஸ்டிக் பைகள் தைத்த ஆல்பம் வாங்கி, அத்தனையையும் அதற்குள் மாற்றினேன். அதைப் பெரிய பொறுப்பான வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அறையில் நான்கு பேர். விடுதி வழக்கப்படி ஊர்ப்பெயரே பெயர். கமுதி, போடி, கோவில்பட்டி, நான் கரூர். நாலு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல், சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. சீயக்காய்த் தூளிலிருந்து சேலை வரை எதுவும் யாருடையது என்று பார்ப்பதில்லை. என் பெட்டியில் மட்டும் பித்தளைப் பூட்டு தொங்கியது. சாவி என் கழுத்துச் செயினில்.

முதல் வாரமே கமுதி கேட்டாள், "அதுக்குள்ள என்னடி இருக்கு, இப்படிப் பூட்டி வச்சிருக்க?"

"அப்பாவோட பத்திரம்" என்றேன்.

இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். களவு போகாமல் இருக்கச் சொல்லும் பொய் பொய்தானா? பூட்டுவது தவறில்லை என்றால், பூட்டியது என்ன என்பதை மறைப்பதும் பூட்டின் ஒரு பகுதிதானே? அன்று எனக்கு அப்படித்தான் பட்டது.

பொய் தனியாக இருக்கவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் விடியுமுன் அறையே வைகைக்குக் கிளம்பியது. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு படுத்திருந்தேன். மதுரையில் படித்த இரண்டு வருடத்தில் அழகரைப் பார்க்கவே இல்லை. அதைவிட மோசமானது இரண்டாம் வருடம் நடந்தது. பக்கத்து அறையில் ஒருத்தியின் 500 ரூபாய் காணாமல் போனது. விடுதி முழுக்க ஒரே குசுகுசுப்பு. அன்று இரவு விளக்கணைத்த பிறகு, இருட்டில், மூன்று பேரையும் ஒவ்வொருத்தியாக மனத்துக்குள் நிறுத்தி விசாரித்தேன். கமுதிக்கு மெஸ் பாக்கி இருந்தது. போடி இரவில் எழுந்து நடப்பாள். கோவில்பட்டிக்கு என் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியும். நான் வயிற்றுவலியில் துடித்தபோது நடுச்சாமத்தில் வார்டன் கதவைத் தட்டி வெந்நீர் வாங்கி வந்த கைகளை, அந்த இரவு நான் திருடக்கூடிய கைகளாகப் பார்த்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததால் அது நடக்காததாகிவிடுமா?

பன்னிரண்டு வயதில் அப்பா என்னைப் புகளூருக்குப் பக்கத்தில் வேலாயுதம்பாளையத்து ஆறுநாட்டார் மலைக்குக் கூட்டிப்போனார். மேலே குகைத்தளத்தில் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள். தலைமாட்டில் தலையணைபோல் மேடு. சமணத் துறவியருக்காக வெட்டியவை. தமிழி எழுத்தில் கொடுத்தவர் பெயர்கள் இருக்கின்றன. இளங்கடுங்கோ என்ற சேரன் பட்டத்து இளவரசன் ஆனபோது செங்காயபன் என்ற துறவிக்கு வெட்டுவித்த உறையுள் ஒன்று. கருவூர்ப் பொன் வணிகன் நத்தி செய்து கொடுத்தது இன்னொன்று. வயது 1,700 ஆண்டுக்குக் குறையாது. அப்பா நத்தியின் பெயர் மேல் விரலை வைத்து, "இந்த ஆளு வித்த பொன்னு எங்க போச்சோ. குடுத்த கல்லு இங்கயே கிடக்கு பாரு" என்றார்.

அப்போது கல் குளிர்ச்சியாக இருந்தது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. விடுதியில் இருந்த நாட்களில் அந்தக் குகை திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும். பள்ளி என்றால் படுக்கை. சமணர் தங்கிய இடமும் பள்ளி. பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளி. மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழியில், நான்கு கட்டில் போட்ட எங்கள் அறையும் ஒரு பள்ளிதான். மழைக்காலத்தில் பூச்சி புழுக்களை மிதித்துவிடக் கூடாதென்று அந்தத் துறவியர் நடையை நிறுத்தி ஓரிடத்தில் சேர்ந்து தங்குவார்கள். ஒரே பாறைக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்த அவர்களிடம் பூட்ட ஒன்றும் இல்லை. திகம்பரத் துறவியின் கையில் மயிற்பீலி, நீர்க் கமண்டலம், ஓதுவதற்கொரு நூல். அவையும் அறத்துக்கான கருவிகள், உடைமை அல்ல என்பார்கள்.

கருவி எங்கே முடிகிறது, உடைமை எங்கே தொடங்குகிறது? உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் உடைமையைப் பொருளைக் கொண்டு வரையறுக்கவில்லை. அதற்கு அது வைக்கும் சொல் மூர்ச்சை. ஆழ்ந்த பற்று என்று உரை சொல்வார்கள். தமிழில் நமக்கு மூர்ச்சை என்றால் நினைவு தப்பி விழுவது. இந்த இரட்டைப் பொருளை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கையில் இருப்பது எவ்வளவு என்பதல்ல கேள்வி, அது கையில் இருக்கையில் சுற்றியுள்ளவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா என்பது. மூன்று பேரை இருட்டில் விசாரித்த அன்று நான் மூர்ச்சையில் கிடந்தேன்.

இதைச் சொன்னால் சிலர் உடனே, அப்படியானால் பற்றை விடு, பூட்டைக் கழற்று என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பற்றில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு பொருளைக் கவனிக்காமல் போடுவது துறவல்ல, சோம்பல். பீலி வைத்திருக்கும் துறவி பீலியைப் பேணத்தான் வேண்டும். இல்லறத்தாருக்குச் சமணம் விதிப்பதும் உடைமைக்கு அளவு வகுத்துக்கொள் என்பதுதான். விடுதியில் களவு இருந்தது, அந்த 500 ரூபாய் திரும்பி வரவேயில்லை. பூட்டு வேண்டும் என்றே இன்றும் சொல்வேன்.

1997 ஐப்பசியில் விடாத மழை. குளியலறைச் சுவர் ஊறி எங்கள் பக்கம் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஒருநாள் மற்றவர்கள் வகுப்புக்குப் போயிருந்த நேரம் பெட்டியைத் திறந்து ஆல்பத்தை எடுத்தேன். பைகளுக்குள் எண்ணெய் கசிந்தாற்போல் பிசுபிசுப்பு. காசுகளின் மேல் வெளிர்பச்சை மாவு பூத்திருந்தது. செம்பில் ஏறும் கரும்பச்சைக் களிம்பை எனக்குத் தெரியும், அது காசுக்குக் கவசம். இது வேறு. தொட்டதும் உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் குழி. வில்லம்புக் காசு ஒன்றில் வில் இருந்த இடமே இல்லை. ஆற்றுமணலில் அத்தனை நூற்றாண்டு தாங்கிய காசு என் காவலில் ஒன்றரை வருடம் தாங்கவில்லை.

தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது கோவில்பட்டி வந்துவிட்டாள். வேதியியல் படிக்கிறவள். ஆல்பத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பத்திரம் எங்கே என்று கேட்கவில்லை. ஒரு காசை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏட்டி, இந்தப் பிளாஸ்டிக்ல யாரு வைக்கச் சொன்னா? இது பி.வி.சி. இதுல இருந்து ஆசிட் வரும்."

அன்று மாலை நோட்டில் எழுதிக் காட்டி விளக்கினாள். உறை மெத்தென்று இருக்கச் சேர்க்கும் எண்ணெய் நாளாக ஆகக் கசியும், குளோரின் சேர்ந்த அமிலமும் வெளிவரும். செம்போடு குளோரைடு சேர்ந்து, ஈரமும் காற்றும் கிடைத்தால் அமிலம் பிறக்கும். அந்த அமிலம் மறுபடி செம்பைத் தின்னும். தின்றதில் இருந்து மறுபடி அமிலம். தொடங்கிவிட்டால் காசு தன்னையே தின்று முடிக்கும். இதற்கு வெண்கல நோய் என்றே பெயர். திருடனுக்காகப் போட்ட பூட்டுக்குள், நானே காசு கொடுத்து வாங்கி வைத்த ஒன்றுதான் அரித்துக்கொண்டிருந்தது. முதல் வாரமே கமுதியின் கேள்விக்கு உள்ளதைச் சொல்லியிருந்தால், பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒருத்தி அந்த ஆல்பத்தை ஒரு பார்வையில் தூக்கி எறியச் சொல்லியிருப்பாள்.

நோய் கண்டவை 41. அவளுடைய பேராசிரியர் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல் தயாரித்துத் தந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் காசுகளை ஊறப்போட்டோம். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுவோம். ஊறிய நீரில் கொஞ்சம் எடுத்து நைட்ரிக் அமிலம் கலந்து, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுவாள். குளோரைடு இன்னும் இருந்தால் பால்போல் திரியும். முதல் வாரம் கெட்டிப் பால். மார்கழி வரைக்கும் பால்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து சோதித்தபோது, லேசாகப் புகை படர்ந்த மாதிரி மட்டும் இருந்தது. மாசி பிறந்த பிறகு ஒரு நாள் சொட்டு விழுந்தது. நீர் தெளிந்தே நின்றது. ஆய்வகத்து மங்கிய குழல்விளக்கின் கீழ் இருவரும் அந்தச் சோதனைக் குழாயை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். 38 பிழைத்தன.

அதற்கு முன்பே, அந்த ஐப்பசி இரவிலேயே, மற்ற இருவருக்கும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். இருட்டில் விசாரித்தது உட்பட. போடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள், மூன்று நாள் பேசவில்லை. கமுதி வேறொன்று சொன்னாள். "நீ சொல்லிட்ட, உனக்குப் பாரம் இறங்கிருச்சு. இனி ஒண்ணு காணாமப் போனா எங்க மூணு பேர் தலைலதான விடியும்?"

நேர்மையாக இருந்துவிட்டோம் என்ற நிம்மதியை அவள் ஒரே வாக்கியத்தில் பறித்துவிட்டாள். சரியான கேள்வி. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒன்று இருக்கிறது. ஒன்றும் தனதென்று இல்லாத சமணத் துறவி கவுந்தியடிகள், இதே மதுரையில், கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் ஒப்படைக்கிறார். பின்னால், காத்த அடைக்கலம் கைவிட்டுப் போனதென்று மாதரி தீயில் புகுகிறாள், கவுந்தி உண்ணாதிருந்து உயிர் விடுகிறார். நம்பிக் கொடுப்பது அவ்வளவு கனமானது. வாங்குகிறவள் சம்மதம் இல்லாமல் அதைத் தலையில் ஏற்றக் கூடாது. சந்தேகம் அவர்களுக்கு நான் செய்த முதல் அநியாயம் என்றால், கேட்காமல் சொல்லிக் கொட்டியது இரண்டாவது.

வழி கண்டதும் கமுதிதான். 312 காசுக்கும் பட்டியல் போட்டோம். நாலு பேர் கையெழுத்தோடு நாலு பிரதி. ஞாயிறு தோறும் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு பாய் விரித்து எண்ணுவது. பூட்டு அப்படியே தொங்கியது. சாவி மட்டும் என் கழுத்திலிருந்து காலண்டர் ஆணிக்குப் போனது. தாள் உறையோடு காசுகள் எவர்சில்வர் டப்பாவுக்குள் போயின. கூடவே ஆய்வகத்து நீலச் சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம். ஈரம் குடித்தால் அது இளஞ்சிவப்பாகும், தோசைக்கல்லில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். மெஸ் அக்கா தோசைக்கல்லைத் தர மறுத்ததும் போடிதான் போய்ப் பேசி வாங்கி வந்தாள். பேசாமல் இருந்த மூன்று நாள் அத்தோடு முடிந்தது.

பட்டியல் எழுதும்போது "உரிமையாளர்" என்று ஒரு கட்டம் போட்டுவிட்டு என்ன நிரப்புவதென்று திகைத்தேன். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்யக் கூடாது. மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். சமணமோ கொடுக்கப்படாததை எடுப்பதையே களவு என்கிறது. இந்தக் காசுகளை ஆறு யாருக்குக் கொடுத்தது? துறையில் முந்தானை அவிழ்ந்து தவறவிட்டவள் கொடுக்கவில்லை. சலித்தவர் எடுத்தார், அப்பா வாங்கினார், நான் தூக்கி வந்தேன். கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. கட்டத்தை அடித்துவிட்டு "இப்போது வைத்திருப்பவர்" என்று எழுதினேன். கோவில்பட்டி எட்டிப் பார்த்து, அதன் கீழே நாலு ஊரையும் எழுதினாள்.

1998 ஏப்ரலில் அறையைக் காலி செய்த அன்று கடைசியாக எண்ணினோம். பட்டியலில் மூன்று காசுக்கு எதிரே "அரித்துப் போனது" என்று நான் எழுதியிருந்தேன். மற்ற 309 இருந்தன. பிறகு நால்வரும் நாலு திசை.

போன புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் போன் வந்தது. மழைச் சத்தத்தில் குரல் சரியாகக் கேட்கவில்லை.

"ஏட்டி கரூரு, இங்க மழை ஆரம்பிச்சிட்டு. அங்க எப்படி? டப்பாவைத் திறந்து பாத்தியா, நீலமா இருக்கா?"

போனைக் காதில் இடுக்கிக்கொண்டே போய் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்தேன். பொட்டலம் ஓரங்களில் சிவக்கத் தொடங்கியிருந்தது. அடுப்பில் கல்லைப் போட்டேன்.