மாறாத இமேஜ்

டாக்கரில் ஓர் இமேஜை, அதாவது மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதியை, இழுக்கும்போது டேக் எதுவும் கொடுக்காவிட்டால், 'லேட்டஸ்ட்' என்று அதுவாகவே எடுத்துக்கொள்ளும். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெளியிட்டவர் அந்த டேக்கைக் கடைசியாக எதன்மேல் ஒட்டினாரோ அதுதான் வரும். அது இரண்டு ஆண்டுப் பழசாகவும் இருக்கலாம்.

எண் போட்ட டேக்கும் ஒட்டுச்சீட்டுதான். 2023 ஜூனில் லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 12-ஆம் பதிப்பு வெளியானதும், 'பைத்தான் 3.11' என்ற டேக்கின் அடித்தளம் டெபியன் 11-இலிருந்து 12-க்கு நகர்ந்தது. பைத்தான் அதே பைத்தான்; அதற்குக் கீழே இருந்தவை வேறு. நேற்று ஓடிய பில்ட் இன்று உடைந்தால், கோடில் ஒரு வரிகூட மாறவில்லையே என்று புரோகிராமர் தலையைச் சொறிவார். 2025 மார்ச்சில் நடந்தது இன்னும் மோசம். கிட்ஹப்பில் ஆயிரக்கணக்கானோர் நம்பியிருந்த ஒரு கருவியின் பழைய பதிப்பு டேக்குகளையே விஷமிகள் தங்கள் கோடின் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் டைஜெஸ்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். இமேஜின் உள்ளடக்கத்திலிருந்தே ஷா-256 முறையில் கணக்கிட்ட 64 எழுத்துகள் அவை. ஒரு பிட் மாறினாலும் டைஜெஸ்ட் வேறாகிவிடும். நேற்று வாங்கியதும் இன்று வாங்கியதும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடையாது. அந்த ஒன்று நல்லதா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை, 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பிலேயே இருந்தது. 2014 ஏப்ரல் 7 அன்று ஊரறிந்தது. அதற்காகச் சர்வர்களில் எதுவும் மாறிவிடவில்லை. பூட்டு அதே பூட்டு. கள்ளச்சாவி புழங்கத் தொடங்கிவிட்டது.

அப்போது டெபியன் என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. திருத்தம் வந்த 1.0.1-ஜி பதிப்புக்கு அது தாவவில்லை. தன் நிலையான வெளியீட்டில் இருந்த 1.0.1-இ பதிப்பையே வைத்துக்கொண்டு, ஓட்டையை அடைக்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து அதில் பொருத்தியது. பதிப்பு எண்ணின் வால் கொஞ்சம் நீண்டது, அவ்வளவுதான். புதிய வசதிகளிலிருந்து திருத்தத்தைப் பிரித்து, பழைய கோடுக்குப் பொருந்த வெட்டி, எதுவும் உடையவில்லை என்று சோதிப்பது லேசான வேலை அல்ல. அது சரியாக நடந்தால் யார் கண்ணிலும் படாது. நிலையான வெளியீடு வேலை முடிந்த இடம்போலத் தெரிகிறது. ஓயாத வேலை அங்கேதான்.

முடிந்தே போன மென்பொருளும் உண்டு. டொனால்ட் நுத் எழுதிய 'டெக்' நிரலின் பதிப்பு எண் 3.141592653 என்று கணிதத்தின் 'பை' மதிப்பை நெருங்கிக்கொண்டே போகிறது. அவர் காலத்துக்குப் பின் 'பை'யாகவே நின்றுவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் பக்கம் கோக்கும் நிரலின் கதவை முன்பின் தெரியாதவர்கள் இரவும் பகலும் தட்டுவதில்லை. நம் சர்வர்களுக்கு அந்த நிம்மதி இல்லை. பைட்டுகள் தம்பாட்டுக்கு மாறாமல் கிடக்கும். அவற்றை நம்பலாம் என்ற நிலையில் வைத்திருக்க ஆள் வேண்டும்.

டெபியன் 10-க்கு டெபியன் திட்டம் தந்த நீண்டகால ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. அதன்மேல் கட்டிய இமேஜை இப்போது ஓட்டினாலும் டைஜெஸ்ட் பொருந்தும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. அடிப்படை இமேஜைத் தேர்ந்தெடுக்கும்போது டேக்குக்கு முன்னால் நான் தேடுவது, ஆதரவு முடியும் தேதியை.