விழுந்ததை மறுபடி அனுப்பு!

தம்பி, தங்கை! "நெட்வொர்க்கா? அதெல்லாம் என் மண்டையில் ஏறாது" என்று இனி ஒருமுறையும் சொல்லாதே. ஏறாது என்று உனக்குச் சொன்னது யார்? இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவருக்கும், வீட்டில் லேப்டாப் வைத்திருப்பவருக்கும், பெரிய நகரத்துப் பிள்ளைகளுக்கும் மட்டுமே அது சொந்தம் என்று பட்டா போட்டுக் கொடுத்தது யார்? ஒருவரும் இல்லை! உன்னைத் தடுக்கும் கோட்டை நீயேதான் போட்டுக்கொண்டாய். நீயே அழித்துவிட்டு இந்தப் பக்கம் வா.

இதில் மாயம் எதுவும் இல்லை

உன் போனிலிருந்து அக்காவுக்கு ஒரு போட்டோ அனுப்புகிறாய். அதன் அளவு 30 லட்சம் பைட் என்று வைத்துக்கொள். அது அப்படியே முழுசாகப் போவதில்லை. பொதுவாக ஒரு துண்டு 1,500 பைட்டைத் தாண்டாது. ஆகவே உன் போட்டோ 2,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைகிறது. அந்தத் துண்டுக்குப் பெயர் பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் அனுப்பும் கருவியின் முகவரி, சேர வேண்டிய கருவியின் முகவரி, வரிசை எண் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அந்த முகவரிதான் ஐ.பி. முகவரி.

ஒரு வீட்டுக்குள், ஒரு பள்ளிக்குள் இருக்கும் கணினிகளைக் கேபிளால் இணைப்பது ஸ்விட்ச். ஒரு நெட்வொர்க்கை இன்னொரு நெட்வொர்க்கோடு இணைப்பது ரவுட்டர். ஒவ்வொரு ரவுட்டரும் முகவரியைப் படிக்கிறது. எந்தப் பக்கம் அனுப்பலாம் என்று முடிவெடுக்கிறது. அடுத்த ரவுட்டரிடம் தள்ளிவிடுகிறது. காற்றில் ரேடியோ அலை, செப்புக் கம்பியில் மின்துடிப்பு, கண்ணாடி இழையில் ஒளி என்று தரவு வடிவம் மாறி மாறி ஓடுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்! சென்னைக் கரையிலிருந்து கடலடி வழியாகச் சிங்கப்பூர் வரை அப்படிப்பட்ட கேபிள் கிடக்கிறது.

துண்டுகள் வெவ்வேறு வழியில் போகலாம், முன்பின்னாக வந்து சேரலாம். பெறும் கருவி வரிசை எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்கிறது. தையல் பிரிந்த புத்தகத்தைப் பக்க எண் பார்த்து நீ அடுக்க மாட்டாயா? அதே வேலைதான். இப்போது சொல், இதில் உன் மண்டையில் ஏறாதது எது?

தொலையும் என்று தெரிந்தே கட்டினார்கள்

போகிற வழியில் பாக்கெட் தொலைந்துபோகும். ரவுட்டரில் கூட்டம் அதிகமானால் அது சிலவற்றைக் கீழே போட்டுவிடும். நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்க, 1974-இல் கணினி அறிஞர்கள் விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் வெளியிட்ட திட்டம் இதை மறைக்கவில்லை. தொலையும் என்று ஒப்புக்கொண்டே அது ஆரம்பித்தது. துண்டு கிடைத்தால் "கிடைத்தது" என்று பதில் அனுப்பு. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு. இந்த எளிய விதி பின்னாளில் டி.சி.பி. என்ற பெயரில் நிலைத்தது. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுவதும் அந்த முறைக்கு மாறியது. இன்றும் உன் போன் அதே விதியில்தான் ஓடுகிறது.

அந்த விண்ட் செர்ஃப் யார் தெரியுமா? காது கேட்கும் திறன் குறைந்தவர். பதின்ம வயதிலிருந்தே செவிப்புலன் கருவி அணிந்து வாழ்பவர். உலகத்துக் கணினிகள் ஒன்றோடொன்று பேச வழி செய்தவர்களில் அவர் ஒருவர்! "எனக்கு அது இல்லை, இது இல்லை" என்று நீ போடும் பட்டியலைக் கிழித்துப் போடு.

தடுத்த கதவையும் தாண்டினார்கள்

பாப் மெட்கால்ஃப் ஹார்வர்டில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டை, போதிய கோட்பாடு இல்லை என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். அவர் முடங்கினாரா? ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு தீவுகளுக்கிடையே ரேடியோ அலையில் நடத்திய அலோஹா நெட்வொர்க்கை ஊன்றிப் படித்தார். அதன் கணக்கைச் சீர்திருத்தி ஆய்வேட்டில் சேர்த்தார், 1973-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் முறைக்கு வித்திட்டார். ஒரே கம்பியில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் தரவு மோதும். மோதினால் இரண்டும் நிறுத்த வேண்டும். ஆளுக்கொரு நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு மீண்டும் முயல வேண்டும். அந்நாள் ஈதர்நெட்டின் உயிரே இந்த விதிதான்.

தங்கையே, ரேடியா பெர்ல்மனின் பெயரை மனத்தில் எழுதிக்கொள். சிறுவயதில் பொருள்களைக் கழற்றிப் பூட்டி விளையாடியவர் அல்லர் அவர். ஆனால் 1985-இல், பாக்கெட்டுகள் வளையத்துக்குள் சிக்கி முடிவில்லாமல் சுற்றும் சிக்கலுக்கு அவர் தீர்வு கண்டார். உபரி வழியை மூடிவைப்பது, ஒரு வழி அறுந்தால் மூடிய வழியைத் திறப்பது என்பதே அந்தத் தீர்வு. ஸ்விட்சுகளுக்குள் அவருடைய சிந்தனை பல்லாண்டு காலம் ஓடியது. பிறக்கும்போதே ஸ்க்ரூடிரைவரோடு பிறந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தத் துறை என்று யாராவது சொன்னால், அவர் பெயரைச் சொல்!

ஒன்று, இரண்டு, நான்கு

1986 அக்டோபர். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே தூரம் 400 கஜம்தான். அங்கே நொடிக்கு 32,000 பிட் ஓடிய தரவு, நெரிசலில் 40 பிட்டாகச் சுருங்கியது! எல்லாக் கணினிகளும் ஒரேயடியாகத் திணித்ததே காரணம். அந்த ஆய்வகத்தின் வான் ஜேகப்சன் காரணத்தைத் தோண்டிக் கண்டுபிடித்தார். வழி சொன்னார்: முதலில் ஒரு பாக்கெட் அனுப்பு. பதில் வந்தால் இரண்டு. அடுத்து நான்கு. தொலைந்தால் வேகத்தைக் குறை. ஆனால் நின்றுவிடாதே, மீண்டும் ஏறு.

நீயும் இப்படித்தான் படிக்க வேண்டும்! தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுப் புத்தகத்தையும் திணித்துவிட்டு, "எனக்கு மூளை இல்லை" என்று அழுகிறாயே, குற்றம் உன் மூளையிலா? திணித்த முறையில்! இன்று ஒரு கருத்து. அது நின்றதா என்று உன்னையே கேள். நின்றால் நாளை இரண்டு. தடுமாறினால் ஒன்றுக்கு இறங்கு. இறங்குவதில் அவமானம் இல்லை. எழுந்து போய்விடுவதில்தான் இழப்பு.

இன்றே கை வை

பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் அனுமதி கேள். இரண்டு கணினிகளை ஒரு லேன் கேபிளால் இணை. ஒன்றுக்கு 192.168.1.1, மற்றதற்கு 192.168.1.2 என்று முகவரி கொடு. இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. முதல் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திற. பிங் (ping) என்ற கட்டளையோடு இரண்டாவதன் முகவரியைத் தட்டு. விண்டோஸ் நான்கு பாக்கெட்டுகளை அனுப்பும்.

பதில் வராமல் போகலாம். நேரம் கடந்துவிட்டது என்று திரை சொல்லலாம். அங்கேதான் உன் படிப்பு தொடங்குகிறது! கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா? முகவரியில் ஓர் இலக்கம் பிசகியதா? கணினியின் காவல் மென்பொருளான ஃபயர்வால் தடுக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார். பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க் பொறியாளர்களும் இதே கேள்விகளை இதே பொறுமையோடுதான் கேட்கிறார்கள்.

இந்தத் துறையில் வேலை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. பழைய ஐ.பி. முறையில் இருந்தவை ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான். உலகத்துக்கு அது போதவில்லை. புதிய முறைக்கு மாறும் பணி இன்னும் நடக்கிறது. கேபிள் போட ஆள் வேண்டும். ரவுட்டர் அமைக்க ஆள் வேண்டும். திருடர்களிடமிருந்து தரவைக் காக்க ஆள் வேண்டும். நாளைய விதியை எழுதவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நீயாக ஏன் இருக்கக் கூடாது?

எழு! கேபிளைச் செருகு. முகவரியைக் கொடு. அனுப்பு. பதில் வரவில்லையா? பிழையைத் தேடித் திருத்து, மறுபடி அனுப்பு. வரும்வரை விடாதே!